அறுபத்திரண்டு பாக்கெட்

வாரத்துக்கு ஒரு பாக்கெட் கொடுக்க வேண்டிய சத்துப் பொடியைச் சூசைமாணிக்கம் தன் மனைவிக்குத் தினம் ஒன்று என்று கொடுத்துவிட்டார். அறுபத்திரண்டு நாள். பாலில் கொட்டி, கரண்டியால் கலக்கி, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்று கொடுத்தார். அது தப்பு என்று தெரிந்து இப்போது இருபது நிமிஷம் ஆகிறது. தெரிந்தது அவருக்கு மட்டும். ஆஸ்பத்திரி முதல் மாடி. ஒரே கம்பியில் கோத்த நாலு இரும்பு நாற்காலி, ஒருத்தர் அசைந்தால் நாலும் அசையும். மற்ற மூன்றிலும் ஆளில்லை, அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. தன் கால்தான் ஆட்டுகிறது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. காலை நிறுத்தினார். அது மறுபடி ஆடியது. மணி பத்தே முக்கால். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள். பன்னிரண்டு மணிக்கு ஸ்கேன் என்றிருக்கிறார்கள். மடியில் துணிப்பை, பைக்குள் எலும்பு டாக்டர் எழுதிய சீட்டு. இரண்டு மாதமாக அந்தச் சீட்டோடு மருந்துக் கடைக்கும் வீட்டுக்கும் நடந்திருக்கிறார். ஒரு நாளும் படித்ததில்லை. டாக்டர் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், அதில் என்ன படிக்க. இன்றைக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, மடிப்பைப் பிரித்தார். கிளறல்தான். ஆனால் அடியில் நீல மையில், நிறுத்தி நிதானமாக, நல்ல தமிழில்: வாரம் ஒன்று. சுற்றி ஒரு வட்டம். வட்டத்தை இரண்டு தடவை போட்டிருந்தார் அந்த மனுஷன். ஒரு தடவை போதாது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது. இவர் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். சீட்டை மடித்தார். பிரித்தார். வாரம் ஒன்று. மறுபடி மடித்துப் பைக்குள் போட்டுப் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், உள்ளே உயிருள்ளது ஏதோ இருப்பது போல.

காலையில் அந்தப் பெண் டாக்டர் கேட்டாள். முப்பது வயசு இருக்கும், பேசும்போது பேனாவை மூடி மூடித் திறந்தாள். என்னென்ன மருந்து சாப்பிடுறாங்க ஐயா. இவர் சீட்டை நீட்டினார். இதுதான். எழுதினபடிதான் கொடுக்கிறோம். அவள் வாய்க்குள்ளேயே படித்துப் பார்த்து, சரி, வேற ஏதாவது? நாட்டு மருந்து, டானிக்? ஒண்ணுமில்ல. அடித்துச் சொன்னார். பொய் இல்லை அது, அந்த நிமிஷத்தில் பொய் இல்லை. இப்போது பொய்யாகிவிட்டது, சொன்ன இடத்திலேயே கிடந்து ஊசிப்போய்விட்டது. ரத்தத்துல கால்சியம் பத்தரைக்குள்ள இருக்கணும், இவங்களுக்குப் பதினாலைத் தாண்டுது என்றாள். கிட்னியும் கொஞ்சம் திணறுது. மருந்தால இல்லைன்னா வேற காரணம் தேடணும். என்ன காரணம்? நிறைய இருக்கு ஐயா. கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு, அதுல கட்டி இருந்தா ஏறும். சில கேன்சர்லயும் ஏறும். ஸ்கேன் பார்த்துடலாம், சாய ஊசி போடணும், கிட்னி இப்படி இருக்கிறப்போ அது நல்லதில்ல, வேற வழி இல்லாமத்தான் பண்றோம். கேன்சர் என்ற சொல்லை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். இவர் காதில் அது மட்டும் விழுந்தது. அதற்குப் பிறகு மாடி ஏறியது, இந்த நாற்காலியில் உட்கார்ந்தது எதுவும் ஞாபகம் இல்லை. இப்போது ஞாபகம் வருகிறது. சாய ஊசி. நல்லதில்லை. வேறு வழி இல்லாமல். வேறு வழி இவர் மடியில் துணிப்பைக்குள் இருக்கிறது. எழுந்து பத்து எட்டு வைத்தால் அந்தக் கதவு. எழுந்திரு. எழுந்திருக்கவில்லை. சத்துப் பொடிதானே அது. சத்து ஆளைக் கொல்லுமா. வெயிலில் கிடைக்கிற சத்துதான் இது என்று எலும்பு டாக்டரே சொன்னாரே, வெயிலில் நின்று யார் செத்தார்கள். முப்பத்துநாலு வருஷம் வெயிலில் நின்றவன் நான், எனக்கு என்ன ஆச்சு. அப்படி நினைத்ததும் ஒரு நிமிஷம் மூச்சு சீராக வந்தது. அடுத்த நிமிஷம், பதினாலு.

ஒன்பது. அதுதான் முதல் எண். இரண்டு மாதம் முன்னால் மனைவி வாசல் ஈரத்தில் சறுக்கி உட்கார்ந்தாள், கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்தது. சும்மா உட்கார்ந்ததுக்கு முறியுமா என்று இவர் சத்தம் போட்டார், அவளிடம், முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வயசு என்னம்மா என்றார். அம்பத்தொண்ணு. தூரம் நின்னு எவ்வளவு நாளாச்சு? பதினாலு மாசம் சார். அவள் தயங்காமல் சொன்னாள். இவர் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு மாசம். ஒரே வீடு, ஒரே கட்டில், இவருக்குத் தெரியாது. வேர்த்துக் கொட்டுது என்று அவள் மின்விசிறியை ஐந்தில் வைப்பதும், குளிருது என்று இவர் இரண்டுக்கு இறக்குவதும், ஒரு வருஷமாக நடந்த அந்தச் சண்டை அதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. அது நின்னதுக்கப்புறம் எலும்பு வேகமாகத் தேயும் என்றார் டாக்டர். வெயில் படுமா இவங்களுக்கு? இவர் சிரித்தார். திண்டுக்கல்ல வெயிலுக்கா சார் பஞ்சம்? அவள் குறுக்கே வந்தாள். நூல் மில்லு சார், இருபத்தாறு வருஷம். இருட்டோட பஸ் ஏறுவேன், இருட்டோட இறங்குவேன். மில்லுல ஜன்னல் கிடையாது, நூலுக்கு ஈரம் குறையக் கூடாதுல்ல. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறப்ப முக்காடு. டாக்டர் தலையை ஆட்டி எழுதினார். ரத்தம் எடுத்தார்கள். வெயில் சத்து, அந்த வைட்டமின் டி, ஒன்பது இருந்தது. முப்பது வேண்டும். அவ்வளவுதான் இவர் காதில் வாங்கியது. ஒன்பது, முப்பது. அதற்குமேல் டாக்டர் பேசிக்கொண்டிருந்தார், இவர் சரி சரி என்று எழுந்துவிட்டார், பைக்கை மருந்துக் கடை நிழலில் நிறுத்தியிருந்தார், கடைக்காரன் கத்துவான். அவள் உட்கார்ந்தே இருந்தாள். டாக்டர் அவளிடம்தான் மீதியைச் சொன்னார். வாசலில் நின்று இவர் கூப்பிட்டார். இந்தா, வர்றியா இல்லையா.

பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்தா. இன்றைக்குக் காலையில் கீழே பெயர் கேட்டபோதுகூட ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். ஒன்பது, முப்பது. வேலை பார்த்த நீரேற்று நிலையத்தில் இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கிறார். முப்பத்துநாலு வருஷம். ஊர்க் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்ப்பார்கள். குளோரின் குறைந்திருந்தால் இங்கே தினம் அளவைக் கூட்டிப் போட வேண்டும், நிறம் ஏறுகிறவரை போட வேண்டும். ஒரு நாள் விட்டால் ஊர் வாந்தியெடுக்கும். தினம். அதில் சந்தேகமே கிடையாது, மருந்து என்றால் தினம். எட்டு பாக்கெட் எட்டு நாளில் தீர்ந்தது. கடையில் மறுபடி எட்டு. கடைக்காரன் செல்போனைக் காதில் இடுக்கிக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். மறுபடி. அறுபத்துநாலு வாங்கி இரண்டு மிச்சம் இருக்கிறது, அடுப்படி டப்பாவில். அந்த இரண்டையும் வீட்டுக்குப் போய் எரித்துவிட்டால். சீட்டையும் எரித்துவிட்டால். யாருக்குத் தெரியும். கடைக்காரனுக்கு ஞாபகம் இருக்காது. இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று திடுக்கிட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார், யாரோ காதில் சொன்ன மாதிரி இருந்தது. நிலையத்தில் கூட வேலை பார்த்த மூக்கையா சிரிப்பது போல் இருந்தது. மூக்கையா இதே மாதிரி ஒரு நாள் மறந்துபோய் இரண்டு தடவை மருந்து போட்டான். ஊர்த் தண்ணீர் முழுக்க நாற்றம். ஒருத்தரும் சாகவில்லை, கண் எரிந்தது, அவ்வளவுதான். இவர் எல்லார் முன்னாலும் கேட்டார். அளவு தெரியாதவனெல்லாம் மருந்து போட வந்துட்டான், நீயெல்லாம் மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் லாயக்கு. அவன் தலையைக் குனிந்துகொண்டு, தப்புதாண்ணே, போட்டதும் நானே வந்து சொல்லிட்டேன்ல, வால்வை மூடிட்டீங்கல்ல என்றான். நானே வந்து சொல்லிட்டேன்ல. அப்போது அது திமிராகப் பட்டது, மேலும் இரண்டு வார்த்தை கேட்டார். இப்போது அந்தக் குரலே திரும்பத் திரும்பக் கேட்கிறது. மூக்கையா உடனே ஓடிவந்து சொன்னான். அதனால் வால்வை மூட முடிந்தது. இங்கே வால்வு திறந்தே இருக்கிறது.

ஓசூரிலிருந்து மகள் ஜெனிட்டா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். சேலம் தாண்டியிருப்பாள். வந்ததும் முதல் கேள்வி கேட்பாள், என்னப்பா குடுத்தீங்க அம்மாவுக்கு. அவளுக்கு அவள் அம்மா வாய். அதற்குள் என்ன சொல்வது என்று முடிவு பண்ண வேண்டும். போலீஸ் வருமா. மனைவிக்குத் தினம் பாலில் கலந்து கொடுத்த கணவன். அப்படித்தான் எழுதுவார்கள், வேறு எப்படி எழுத முடியும், அதுதானே நடந்தது. அவள் தண்ணீர் தண்ணீர் என்றாள், பத்து நாளாக. குடத்தைக் காலி பண்ணினாள். வெயில் காலம் என்று நினைத்தார். சாப்பாடு இறங்கவில்லை, வயிறு போகவில்லை, அடுப்பைப் பார்த்தாலே குமட்டியது. கேஸ் என்று சோடா வாங்கிக் கொடுத்தார். அப்படியும் பாலை விடவில்லை. வேண்டாம்னு இருக்குங்க என்றாள், எலும்புக்கு வேணுமா வேண்டாமா என்று டம்ளரை நீட்டினார், வாந்தி எடுத்தவளுக்கு இன்னொரு தடவை கலக்கிக் கொடுத்தார். இன்னொரு தடவை. அந்த நாளைக் கணக்கில் சேர்த்தோமா. சேர்க்கவில்லை என்றால் அறுபத்துமூன்று. இல்லை, அன்றைக்கு வாந்தி வந்தது பாலுக்கு முன்னால். முன்னாலா பின்னாலா. விரல் மடக்கி மறுபடி எண்ணினார். இன்றைக்கு விடியற்காலையில் அவள் இவரை அப்பா என்று கூப்பிட்டாள். அவள் அப்பா செத்துப் பதினெட்டு வருஷம். அப்பா, மில்லு பஸ்ஸு போயிருச்சா என்றாள். அப்போதுதான் பயந்தார். ஆட்டோ கூப்பிட்டார். ஆட்டோவில் அவள் தலை தோளில் சாய்ந்து கிடந்தது, ரொம்ப லேசாக இருந்தது, எலும்பு கெட்டிப்பட அறுபத்திரண்டு நாள் கொடுத்தவளின் தலை பஞ்சு மாதிரி இருந்தது. அடுப்படியில் தொங்கும் மாதா கோயில் பங்குக் காலண்டர் ஞாபகத்துக்கு வந்தது. ஏன் இப்போது. சூசையப்பர் படம் போட்ட காலண்டர். கட்டத்துக்குக் கட்டம் பேனாப் புள்ளி வைத்திருந்தாள், கொஞ்ச நாளாகத் தினமும். ஏதோ நவநாள் ஜெபம் எண்ணுகிறாள் என்று நினைத்தார். அதற்கு முந்தின வருஷங்களிலும் புள்ளி உண்டு, மாதத்துக்கு ஒன்று, எப்போதாவது இரண்டு. அப்புறம் ரொம்ப நாள் புள்ளியே இல்லை. நூலில் கட்டின பேனா சும்மா தொங்கும், அதை ஒரு தடவை எடுத்து இவர் மின்கட்டண எண் எழுதினார். அப்புறம் மறுபடி புள்ளி. தினம். தினம். அங்கே வந்து நினைப்பு இடறி நின்றது.

தினமுமா. அப்படி ஒரு சொல் இருந்தது. யார் சொன்னது. ஒரு மணி நேரமாக அதைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தோம், அதன் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பினோம் என்று இப்போது தெரிந்தது. மூன்றாம் நாள். அவள் மாவுக்கட்டுக் கையை மாரோடு அணைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். டம்ளரை வாங்காமல் கேட்டாள். தினமுமாங்க? அவ்வளவுதான் கேட்டாள். இவர் என்ன சொன்னார். தெரியும் என்ன சொன்னார் என்று, ஞாபகம் இல்லை என்று வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். ஏன், நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா. குடி. அவள் குடித்தாள். டாக்டர் அவளிடம்தான் மீதியைச் சொன்னார். அவள் உட்கார்ந்து கேட்டாள். அவளுக்குத் தெரியும். வாரம் ஒன்று என்று தெரிந்தே குடித்தாள், அறுபத்திரண்டு நாள், சொன்னால் இவர் கத்துவார் என்று. முப்பது வருஷத்தில் அவள் இரண்டாம் தடவை கேட்ட கேள்வி ஒன்று உண்டா என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அப்போது, யோசிக்காமலே, தானாக, உள்ளே ஒன்று சொல்லியது. ஸ்கேன்ல கட்டி இருந்துட்டா நல்லது. கட்டி என்றால் இவர் காரணம் இல்லை. பொடி காரணம் இல்லை. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், பாவம் மனுஷன் என்பார்கள். ஒரு நிமிஷம் அதை நன்றாக, நிம்மதியாக விரும்பினார். அப்புறம் தான் எதை விரும்பினோம் என்று பார்த்தார். பை நழுவிக் கீழே விழுந்தது, சீட்டு வெளியே எட்டிப் பார்த்தது. எடுத்துக்கொண்டு எழுந்தார். நாலு நாற்காலியும் கடகடவென்று ஆடின. மணி பதினொன்று நாற்பது. பத்து எட்டு என்று நினைத்தது பதினாறு எட்டு இருந்தது.

கதவைத் தள்ளினதும் நர்ஸ் வளர்மதி தலை தூக்கினாள். காலையில் மனைவிக்கு ஊசி குத்தியவள், நாற்பத்தைந்து வயசு, கண்ணாடி மூக்கு நுனியில்.

"ஐயா, ஸ்கேன் இல்ல. போய் உட்காருங்க, கூப்பிடுறேன்."

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

சீட்டை மேசைமேல் வைத்து, வட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இது வாரம் ஒண்ணு. நான் தினம் ஒண்ணு கொடுத்துட்டேன்."

"தெரியும்யா. அறுபத்திரண்டு."

அவர் விரலை எடுக்கவில்லை.

"சலைன் ஒரு பாட்டில் ஏறினதும் அம்மாவுக்குத் தெளிவு வந்துருச்சு. எதுக்கு ஸ்கேன்னு கேட்டாங்க. சொன்னேன். அப்படியே கையைப் பிடிச்சுக்கிட்டு, சிஸ்டர், பொடியை நான்தான் தெரியாம தினம் குடிச்சுட்டேன், அறுபத்திரண்டு ஆச்சு, காலண்டர்ல புள்ளி வச்சிருக்கேன்னாங்க. டாக்டர் உடனே ஸ்கேனை நிறுத்திட்டாங்க. ஊசி மாத்தியாச்சு. முக்கால் மணி நேரம் ஆகுது, உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"அவ குடிக்கல. நான் குடிக்க வச்சேன்."

வளர்மதி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "எங்களுக்கு எத்தனைன்னு தெரிஞ்சாப் போதும்யா. யாருங்கிறது உங்க வீட்டு விவகாரம்."

"பொழைச்சுக்குவாளா?"

"கால்சியம் இறங்க நாலஞ்சு நாள் ஆகும். பொடி உடம்புக் கொழுப்புல தங்கியிருக்கும், மாசக்கணக்கா ரத்தம் பார்த்துக்கிட்டே இருக்கணும். கிட்னி திரும்பிடும்னுதான் டாக்டர் சொல்றாங்க. போய்ப் பாருங்க. சத்தம் போடக் கூடாது."

அதை ஏன் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் அவளுடைய கண்ணாக இருந்தது. இவரைப் பார்த்து, அப்பா என்று சொல்லவில்லை.

"வந்துட்டீங்களா."

"தெரிஞ்சுதானே குடிச்ச?"

அவள் மேலே பாட்டிலைப் பார்த்தாள். "தெரியும். ஒரு தடவை கேட்டேன்ல."

"இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டிருக்கலாம். சத்துதானே, கூடுனா என்ன ஆகிடப்போகுதுன்னு இருந்துட்டேன். உங்ககூட மல்லுக்கு நிக்கிறதுக்குப் பால் குடிக்கிறது சுளுவாத்தான இருந்துச்சு." நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள். "ஆனா எண்ணிக்கிட்டு வந்தேன். ஏதாவது ஆச்சுன்னா சொல்றதுக்கு ஆகும்ல. அந்தப் பேனாவுக்கும் வேலை இல்லாமத்தான கிடந்துச்சு. என்னைய என்ன, உங்க மேல்நிலைத் தொட்டின்னு நினைச்சீங்களா, நிறையிற வரைக்கும் ஊத்த?"

அவர் சிரிக்கப் பார்த்தார். வேறு ஏதோ சத்தம் வந்தது. திரைக்கு வெளியே வளர்மதி செருமினாள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எலும்பு இன்னும் மெலிசுதான், அது அப்படியே இருக்கிறது, இனி அதற்கு வாரம் ஒன்றும் கிடையாது, எப்போது என்று டாக்டர் சொல்லும்வரை ஒன்றுமே கிடையாது. தினம் காலையில் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்க வைக்கலாமா, அதையும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். அவளிடமும் கேட்க வேண்டும். பயம் போகவில்லை. நாலஞ்சு நாள் இருக்கும். அதற்கு மேலும் இருக்கும்.

வளர்மதி கோப்போடு உள்ளே வந்தாள். முதல் பக்கத்தில், விவரம் சொன்னவர் என்ற இடத்தில் காலையில் சூசைமாணிக்கம், கணவர் என்று எழுதியிருந்தது. எழுதினபடி கொடுத்திருக்கிறோம் என்பதும் அதன் கீழே இருந்தது.

"இதை மாத்தி எழுதணும்யா. சரியான விவரம் சொன்னது யாரோ அவங்க பேர்தான் வரணும். இப்ப நீங்களும் சொல்லிட்டீங்க, உங்க பேரையே இருக்க விட்டுடவா?"

"என் பேரை அடிச்சிடுங்க."

"சரி. அம்மா பேரு, சொல்லுங்க."

அவர் கை பைக்குள் போனது, அட்டையைத் தேடியது, பாதியில் நின்றது. கட்டிலில் இருந்தவள் பாட்டிலைப் பார்ப்பதை விட்டு இவரைப் பார்த்தாள்.

"பிலோமினா" என்றார்.